மாமாவின் மூக்கில் வளர்ந்தது காளான் இல்லை

கண்மாயில் முங்கி எழுந்து மூக்கைச் சிந்தினால் மாமாவுக்குத் தண்ணீரோடு ரத்தமும் வரும். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். மாடுகளைக் கழுவுகிற அதே துறையில்தான் ஆண்கள் குளிப்பார்கள். எனக்கு அப்போது பத்து வயது. படித்துறையில் உட்கார்ந்து மாமாவின் துண்டைக் காவல் காத்துக்கொண்டிருப்பேன். பழுப்புத் தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று இழைந்து கரைவதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். "உடம்புச் சூடு" என்று அத்தை வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்.

ஓராண்டு இப்படியே போனது. ஒருநாள் முகம் மழித்துக்கொண்டிருந்த மாமா, கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மூக்கின் நுனியைக் கட்டைவிரலால் தூக்கி, இடது துவாரத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சதை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கோவைப்பழத்தின் சிவப்பு. அதன்மேல் யாரோ ரவையைத் தூவிவிட்டது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவை என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்குமேல் ஆனது.

மதுரையில் அறுத்து எடுத்தார்கள். "மூக்கில் காளான் வளர்ந்திருக்கிறது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் அந்தச் சொல் பரவுவதற்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அத்தை அன்றோடு வீட்டில் காளான் சமைப்பதை நிறுத்திவிட்டார். ஐப்பசி மழையில் புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் காளான் வெடித்துக் கிளம்பும்போது, முதல் ஆளாகக் கூடையோடு கிளம்புகிறவர் மாமா. மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்ட புற்றுக்காளான் குழம்புக்காகவே மழையை எதிர்பார்த்திருக்கிறவர். அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மூன்றாண்டில் சதை திரும்ப வளர்ந்தது. இரண்டாம் முறை அறுத்துவிட்டு, அடிப்பகுதியைச் சுட்டும் விட்டார்கள். அதன்பிறகு வரவில்லை. அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "மூக்குக்காளான் தொற்றுமா?" என்று தரகரிடம் விசாரித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. அதை அவர்களுக்குச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

நான் தாவரவியல் படித்து ஆசிரியரானேன். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் பதினொன்றாம் வகுப்புக்கு ஐந்துலக வகைப்பாடு எடுக்க வேண்டும். மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள். கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் சில பெயர்களை எழுதுவேன். புரோட்டிஸ்டா கட்டத்தில் அமீபா, பாரமீசியம், யூக்ளினா, டயாட்டம், மலேரியாக் கிருமி. பல ஆண்டுகள் இப்படித்தான் எடுத்தேன். ஒருமுறை முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சார், இந்தக் கட்டத்தில் இருப்பவை எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமா?" என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆனால் வகைப்பாடு என்ற துறையின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கிறது. "இல்லை" என்பதுதான் அதற்குப் பதில். சொந்தம் இல்லாதவற்றை ஒரே கட்டத்தில் ஏன் போட்டோம் என்பதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நடத்துவது சரியில்லை என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் காலத்தில் உயிர்கள் இரண்டே வகை, தாவரம் அல்லது விலங்கு. காளான் நகராது, மண்ணில் முளைக்கும். ஆகவே அதைத் தாவரங்களில் கடைசியான இருபத்துநான்காம் வகுப்பில், பூப்பது கண்ணுக்குத் தெரியாதவற்றோடு வைத்தார். நுண்ணோக்கியில் தெரிந்த சிற்றுயிர்கள் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அவற்றுக்காகப் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது உலகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் ஐந்துலக முறையை வெளியிட்டபோது காளான்களுக்குத் தனி உலகம் கிடைத்தது. அவருடைய முக்கியமான அளவுகோல் உணவு. ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பவை தாவரம், விழுங்குபவை விலங்கு, வெளியே செரிக்க வைத்து உறிஞ்சுபவை பூஞ்சை. செல்லில் உட்கரு இல்லாத பாக்டீரியாக்களுக்கு மொனிரா. உட்கரு இருந்தும் இதில் எதிலும் ஒழுங்காகப் பொருந்தாத ஒற்றைச் செல் உயிர்களுக்குப் புரோட்டிஸ்டா.

விட்டேக்கரின் முறை பெரிய முன்னேற்றம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. காளானைச் செடியிடமிருந்து பிரித்ததே பெரிய காரியம். ஆனால் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துப் பிரிப்பது, தொழிலைப் பார்த்துச் சொந்தம் சொல்வது போன்றது. இதை மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்குக் குலதெய்வம் கைகொடுத்தது.

எங்கள் பக்கத்தில் மகா சிவராத்திரி அன்று குலதெய்வக் கோயிலுக்குப் போவது எல்லா வீட்டிலும் உண்டு. பொட்டல் காட்டில் ஒரு வேலமரம், அடியில் பீடம். அன்று மட்டும் அங்கே ஐந்நூறு பேர் கூடுவார்கள். சூரத்திலிருந்து ஒருவர் வந்திறங்குவார். உடை வேறு, பேச்சில் இந்தி கலந்திருக்கும், பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது. ஆனாலும் அவர் பங்காளி. அவர் வீட்டில் நாம் பெண் எடுக்க முடியாது. நாற்பது ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்து, ஒரே வயலில் வேலை பார்த்து, நம்மைப் போலவே பேசுகிறவர் வேறு கோயிலுக்குப் போகிறார். அவர் பங்காளி இல்லை. முகஜாடையும் தொழிலும் வசிக்கும் ஊரும் உறவைச் சொல்லாது. எந்தக் கோயிலில் கூடுகிறோம் என்பது சொல்லும்.

உயிர்களுக்கு அப்படி ஒரு குலதெய்வம் இருக்கிறது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம். பாக்டீரியா முதல் பனைமரம் வரை அது இல்லாத உயிரே கிடையாது. அதை உருவாக்கும் மரபணு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. மிக மெதுவாகத்தான் மாறுகிறது. இரண்டு உயிர்களின் ரைபோசோம் மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால், அவை எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்த பங்காளிகள் என்று கணிக்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் இந்த வழியை வகுத்தார். 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியா என்று எண்ணப்பட்டவற்றில் ஒரு கூட்டம் முற்றிலும் வேறு குலம் என்று காட்டினார்கள். இன்று நாம் ஆர்க்கியா என்று அழைப்பது அதைத்தான்.

1993-இல் இந்த ஒப்பீடு பூஞ்சைகளுக்கு வந்தபோது, காளானுக்கு மிக நெருங்கிய பெரும் குலம் தாவரம் இல்லை, விலங்கு என்று தெரிந்தது. முதலில் படித்தபோது எனக்கே ஏற்க மனம் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் தடயங்கள் கண் முன்னாலேயே இருந்திருக்கின்றன. காளானின் செல் சுவரில் இருப்பது கைட்டின், நண்டு ஓட்டிலும் கரப்பான் தோலிலும் இருக்கும் அதே பொருள். காளான் மாவுச்சத்தைச் சேமிப்பதில்லை. நம் கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. நீரில் வாழும் பழைய வகைப் பூஞ்சையின் நீந்தும் வித்துக்கு ஒற்றைக் கசையிழை, அதாவது நீந்த உதவும் வால், பின்புறம் இருக்கும். மனித விந்தணுவுக்கும் அப்படித்தான். அதனால் இந்த மொத்தக் குலத்துக்கே ஒபிஸ்தோகான்ட் என்று பெயர். பின்னால் துடுப்புக்கோல் உள்ளவை என்று பொருள்.

இனி மாமாவின் மூக்குக்கு வருகிறேன்.

நோயியல் ஆய்வகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இப்படிப்பட்ட சதைத்துண்டு ஒன்றின் வில்லையை எனக்கு நுண்ணோக்கியில் காட்டினார். கண்ணை வைத்த உடனே எனக்கு அறுத்த மாதுளம்பழம் நினைவுக்கு வந்தது. இளஞ்சிவப்புச் சதைக்கு நடுவே வட்டவட்டமான பைகள். தடித்த தோல். உள்ளே ஆயிரக்கணக்கான மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு பை ஓரத்தில் வாய் திறந்து மணிகளை வெளியே கொட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே சாயமேறி உறைந்திருந்தது. முதிர்ந்த பை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வளரும் என்று நண்பர் சொன்னார். அந்த அளவு என்றால் வெறும் கண்ணுக்கே தெரியும். கண்ணாடியில் நான் பார்த்த ரவை அதுதான்.

இதன் பெயர் ரைனோஸ்போரிடியம் சீபெரி. 1900-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் கில்லர்மோ சீபர் என்பவர் மூக்குச் சதையில் இதைக் கண்டு விவரித்தார். மலேரியாக் கிருமியின் கூட்டத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்று அவர் நினைத்தார். 1903-இல் கல்கத்தாவிலிருந்து ஓகினீலி இதை எழுதினார். 1923-இல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் விரிவாக ஆராய்ந்து, இது பூஞ்சை என்று முடிவு சொன்னார். பை, உள்ளே வித்து, தடித்த சுவர், பூஞ்சைக்குப் போடும் சாயத்தை ஏற்றுக்கொள்ளும் குணம் எல்லாம் பொருந்தியதால் அந்த முடிவு நிலைத்தது. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. பூஞ்சை என்றால் ஆய்வகத்தின் ஊட்டத் தட்டில் வளர வேண்டும். இது வளரவே மாட்டேன் என்றது. இடையில், இது குளத்து நீலப்பச்சைப்பாசி என்றுகூட ஒரு வாதம் எழுந்து அடங்கியது.

உலகில் இந்த நோய் மிகுதியாகக் காணப்படும் இடங்களில் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களும் கேரளமும் இலங்கையும் உண்டு. தேங்கிய நீரில் குளிப்பவர்களுக்கும் ஆற்றில் முங்கி மணல் அள்ளுபவர்களுக்கும் வருகிறது. கண்மாயும் ஊருணியும் உள்ள ஊர்களின் நோய் இது. 1999-இல் இதன் ரைபோசோம் மரபணுவைப் படித்து வெளியிட்ட குழுவில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்செகுலரத்னவும் இருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நம் பக்கத்து நோய்க்கு நம் பக்கத்து மனிதர் ஒருவர் விடை தேடியிருக்கிறார். அடுத்த ஆண்டில் இன்னொரு குழுவும் அதே முடிவுக்கு வந்தது.

அது பூஞ்சை இல்லை. மீன்களின் தோலிலும் செவுளிலும் உறுப்புகளிலும் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு சிறு கூட்டத்தின் பங்காளி. இக்தியோஸ்போரியா என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். குலமரத்தில் அதன் இடம் எது என்பதுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. பூஞ்சைக் கிளை பிரிந்து போன பிறகு, விலங்கை நோக்கிப் போகும் கிளையில், விலங்குகள் தோன்றுவதற்குச் சற்று முன்னால் பிரிந்த கொப்பு அது. ஆக, மாமாவின் மூக்கில் வளர்ந்தது காளானைவிட மாமாவுக்கு நெருங்கிய சொந்தம்.

இதை வெறும் ஆச்சரியம் என்று தள்ளிவிட முடியாது. பூஞ்சை மருந்துகள் இந்த நோய்க்குப் பயன்படவில்லை என்று மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். இன்றும் அறுத்து அடியைச் சுடுவதே முதன்மையான வழி. திரும்ப வராமலிருக்கச் சிலர் டாப்சோன் கொடுக்கிறார்கள். ஆனாலும் பல பாடநூல்களில் இந்த நோய் இன்றும் பூஞ்சை நோய்களின் அதிகாரத்திலேயே இருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தவறான வீட்டு முகவரியை எழுதி வைத்துக்கொண்டு, கடிதம் ஏன் சேரவில்லை என்று காத்திருப்பதற்குச் சமம் அது.

பணத்தோடு சேர்த்து இதே பாடத்தை இன்னோரிடத்தில் கற்றேன். நீலகிரியில் கேத்திப் பக்கம் உருளைக்கிழங்கு போடும் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு ஒரு ஜூலையில் போயிருந்தேன். கார்போகப் பயிர். மூன்று நாள் விடாத சாரல், பகலெல்லாம் மூடுபனி. இலை ஓரங்களில் வெந்நீர் பட்டது போலக் கருத்த ஈரத் திட்டுகள். ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பும் பச்சையும் சேரும் எல்லையில் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. பின்பருவ இலைக்கருகல். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1870-களில். நண்பர் கடையில் கேட்டு கார்பென்டசிம் வாங்கி இரண்டு முறை அடித்திருந்தார். உறையில் பூஞ்சைக்கொல்லி என்று இருந்தது. கையிலிருந்த கையேட்டில் பூஞ்சை நோய் என்று இருந்தது. அவர் செய்ததில் தவறே இல்லை. நோய் அடுத்த பாத்திக்குப் போய்விட்டது. அந்தப் பாத்தியின் தலைப்பில் நின்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே, "மருந்தில் கலப்படமாக இருக்குமோ?" என்று கேட்டார்.

மருந்து நல்ல மருந்துதான். பூஞ்சையின் செல்லுக்குள் ஓர் இலக்கைத் தாக்குவதற்காகச் செய்யப்பட்டது. அந்த இலையில் இருந்தது பூஞ்சை இல்லை. ஊமைசீட் என்ற வேறு குலத்தைச் சேர்ந்த ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். ஃபைட்டோஃப்தோரா என்றால் கிரேக்க மொழியில் செடியை அழிப்பது என்று பொருள். நூலாகப் படரும், வித்து விடும், பஞ்சாகப் பூக்கும். ஆனால் செல் சுவரில் கைட்டினுக்குப் பதில் முக்கியமாகக் குளுக்கனும் செல்லுலோஸும். நீந்தும் வித்துக்கு இரண்டு கசையிழைகள், அவற்றில் ஒன்று முடி முளைத்தது. பூஞ்சைகள் தங்கள் செல் சவ்வுக்காகத் தயாரிக்கும் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பை இது தயாரிப்பதே இல்லை, எனவே அதைத் தடுக்கும் மருந்துகளுக்கும் இங்கே வேலை இல்லை. மேன்கோசெப் போலப் பல இடத்தில் தாக்குபவை உதவும். மெட்டலாக்சில் இந்தக் குலத்தையே குறிவைத்தது, அதை எதிர்த்துத் தாங்கும் வகைகளும் இப்போது உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை உதவும். 1885-இல் பிரான்சில் மில்லார்டே அந்தக் கலவையை வெளியிட்டது திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக. அந்த நோயை உண்டாக்குவதும் இதே ஊமைசீட் குலத்தைச் சேர்ந்ததுதான்.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழுக வைத்தது இதே உயிர். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் மடிந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். செடி அழுகியதால் பஞ்சு வந்தது என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், பஞ்சுதான் செடியை அழுக வைத்தது என்று சொன்ன சிலரில் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் ஒருவர். அதை ஐயமறச் சோதித்துக் காட்டியவர் ஜெர்மானியரான அன்டன் டி பேரி. 1876-இல் இந்தப் பெயரை வைத்தவரும் அவரே. அவர்கள் அதைப் பூஞ்சை என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்தில் வேறெப்படி அழைத்திருக்க முடியும்?

அதன் உண்மையான பங்காளிகள் யார் தெரியுமா? ஒற்றைச் செல் பாசிகளான டயாட்டங்களும் பழுப்புக் கடற்பாசிகளும். மண்டபம் கடற்கரையில் அலை ஒதுக்கிப் போட்ட பழுப்பு நிறச் சர்காசத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மிளகளவு காற்றுக் குமிழிகளோடு, தோல் போல வழுவழுவென்றிருக்கும். அதுவும் கேத்தித் தோட்டத்தின் வெள்ளைப் பஞ்சும் ஒரே கோயிலில் கூடுகிறவை. தோட்டத்துப் பஞ்சும் வீட்டு ரொட்டியில் படரும் பூசணமும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு வேறு குலம்.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. பட்டுப்புழுவைக் கொல்லும் பெப்ரின் நோயின் கிருமியை 1857-இல் நேகலி பெயரிட்டபோது, ஈஸ்ட் போன்ற ஒன்று என்றுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளோடு சேர்த்தார்கள். நூறாண்டுகளுக்குமேல் அது அங்கேயே இருந்தது. 1990-களில் மரபணுக்கள் அதைத் திரும்பவும் பூஞ்சையின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தின. இதில் பட்டு விவசாயிக்கு ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி, நுண்ணோக்கியில் பளபளக்கும் நீள்வட்ட வித்து தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் முட்டைகளை அழிப்பது பாஸ்டர் 1860-களில் வகுத்த வழி. இன்றும் அதுவே வழி. மருத்துவமோ மருந்தோ மாறினால்தான் உறவைத் திருத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஓர் உயிரின் பிறப்பு வழியைச் சரியாகச் சொல்வது அதற்கே செய்யும் மரியாதை.

அந்த மாணவிக்கு மறுநாள் வகுப்பில் பதில் சொன்னேன். கரும்பலகையின் இடது பக்கம் ஐந்து கட்டங்கள். வலது பக்கம் ஒரு மரம். புரோட்டிஸ்டா கட்டத்திலிருந்து ஒவ்வொரு பெயராக அழித்து மரத்தில் அதனதன் கிளையில் எழுதினேன். டயாட்டம் பழுப்புப் பாசியோடு போனது. மலேரியாக் கிருமி பாரமீசியத்துக்கு அருகில் ஒரு கொப்புக்குப் போனது. அதன் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை செய்த முன்னோர் காலத்துப் பசுங்கணிகத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பே அமைதியானது. அமீபா பூஞ்சைக்கும் விலங்குக்கும் சற்றுத் தள்ளி ஒரு கிளைக்குப் போனது. யூக்ளினா வெகுதூரம் போனது. கடைசியில் கட்டம் காலியாக இருந்தது. "புரோட்டிஸ்டா என்பது ஒரு குலத்தின் பெயர் இல்லை. உட்கரு உள்ள உயிர்களில் செடி, விலங்கு, பூஞ்சை மூன்றிலும் சேராமல் மிஞ்சியவற்றை நாம் ஒன்றாக அழைக்கும் பெயர். தேர்வுக்கு ஐந்துலகத்தை எழுதுங்கள். அது 1969-இல் ஒருவர் நன்றாக யோசித்துச் சொன்னது என்று தெரிந்து எழுதுங்கள்" என்றேன். அவள் இரண்டையும் நோட்டில் வரைந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மாமாவுக்கு எழுபது வயதாகியிருந்தது. திண்ணையில் உட்காரவைத்து, ஒரு தாளில் மரத்தை வரைந்து, மீனின் ஒட்டுண்ணியையும் மூக்கில் வளர்ந்ததையும் ஒரே கொப்பில் குறித்து, காளானைத் தள்ளி எழுதிக் காட்டினேன். தாளைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்படியானால் அது காளானே இல்லையா, மாப்பிள்ளை?"

"இல்லை மாமா. காளானுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஐப்பசியில் அத்தையிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. விடிவதற்கு முன்பே கூடையை எடுத்துக்கொண்டு புற்றடிக்குப் போய்விட்டாராம். மிளகு தட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.